விசில் கேட்டதும் என்டர் தட்டவும்

ராய்ஸ் டில்பெக் ஒரு அட்டையில் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதை டெலிபோனுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். முதலில் *70 அழுத்து. டயல் சத்தம் திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரி எண். ஆப்பரேட்டரிடம் 412 கேள். மணி அடித்ததும் ஆர்லிஸ் அந்தப் பக்கம் ATA என்று தட்டுவார். விசில் கேட்டதும் நீ ATD அடித்து என்டர் தட்டு. பிறகு ரிசீவரைக் கீழே வை.

ராய்ஸ் எங்கள் ஊர்த் தபால்காரன். அவனும் என் கணவர் ஆர்லிஸும் இன்னும் ஐந்தாறு பேரும் கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பியில் மாட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் எழுதிப் பேசும் ஒரு கிளப் வைத்திருந்தார்கள். அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டிதான் மோடம். AT என்று ஆரம்பித்து எதைத் தட்டினாலும் அந்தப் பெட்டி கேட்கும். ATA என்றால் போனை எடுத்து விசிலடிக்கும். ATD-யோடு எண்ணைச் சேர்த்துத் தட்டினால் அதுவே டயல் செய்யும். ஆனால் ஆஸ்பத்திரியில் நடுவில் ஒரு மனுஷி உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கிறாள். மோடத்துக்கு அவளிடம் "அம்மா, 412 கொடுங்கள்" என்று கேட்கத் தெரியாது. அதனால் பாதி வேலை என் வாய்க்கு, பாதி வேலை அதற்கு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அட்லாண்டாவில் ஆர்லிஸின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அவர் வீடு திரும்பும்வரை நான் பக்கத்தில் இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆறாம் நாள் எனக்கு அக்கி வந்தது. வலது விலாவைச் சுற்றி முதுகுவரை கொப்புளம். அந்த மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் பலவீனமானவர்கள், கொப்புளம் காயும்வரை உள்ளே வரக்கூடாது என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போக முடியாது. அவர் பேச முடியாது. கடிதம் போய்ப் பதில் வர நாலைந்து நாள்.

எங்களிடம் அத்தனை நாள் மிச்சமில்லை. உள்ளே தையல் விட்டுக் கசிகிறது என்று டாக்டர் லின்ட் போனில் சொன்னார். மறுபடி ஒரு ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை. செய்யாவிட்டால் அந்தக் கசிவு கழுத்தின் பெரிய ரத்தக்குழாயை அரித்துவிடும். "எப்போன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா அரிச்சிடும். அவர் சம்மதிக்க மாட்டேங்கறார். பேப்பரை நீட்டினா முகத்தைத் திருப்பிக்கறார். வியாழன் மத்தியானத்துக்குள்ள கையெழுத்து வேணும். நீங்க சொன்னா கேப்பாரா?"

கேட்பார் என்றேன். கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது என் மனதில் எதுவும் இல்லை. அக்கிக்குக் கொடுத்த மாத்திரை விலாவை மட்டும் மரத்துப்போக வைக்கும் என்றுதான் சொன்னார்கள். உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. சர்ச்சிலிருந்து பெண்கள் அடுப்பில் சுட்ட கோழிக் கேசரோலும் கேக்குமாகக் கொண்டுவந்தார்கள். எல்லாம் ஒரே ருசி. ஜெபம் செய்தேன், வார்த்தைகள் வரிசையாக வந்தன. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராய்ஸ் தன்னுடைய மடக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அட்லாண்டா வரைக்கும் போய், அறையின் டெலிபோன் கம்பியில் மாட்டி, ஆர்லிஸின் மடியில் வைத்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை முதல்முறை முயன்றேன். ஆப்பரேட்டர் 412-க்குக் கொடுத்தாள். விசில் வந்தது. நான் ATD அடிப்பதற்குள் இணைப்பை வெட்டிவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வெட்டினாள். மூன்றாம் தடவை அவளே பேசினாள்.

"அம்மா, அந்த ரூம் லைன்ல ஏதோ கோளாறு. காதைக் கிழிக்குது. ரிப்பேர்காரனைக் கூப்பிட்டிருக்கேன்."

"கூப்பிடாதீங்க. அது என் வீட்டுக்காரர்."

"உங்க வீட்டுக்காரர் விசிலடிக்கிறாரா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். குரல்வளை, அக்கி, கம்ப்யூட்டர், எல்லாம்.

"என் பேரு வெர்னீஸ்," என்றாள். "காலை எட்டுலேர்ந்து சாயந்தரம் நாலு வரைக்கும் இந்த போர்டு என்னுது. இனிமே நீங்க கூப்பிட்டா கொடுத்துட்டு என் ஹெட்போனைக் கழட்டி வெச்சிடறேன். விசிலை நீங்களே கேட்டுக்கோங்க, கண்ணு. எனக்கு ஒரு காதுதான் நல்லாருக்கு."

விசில் வந்தது. ATD. என்டர். ரிசீவரை வைத்தேன். திரையில் இணைப்புக் கிடைத்ததென்று மோடம் ஒரு வரி எழுதியது. அதன் கீழே அவர் என்னை, இமோஜீனை, கூப்பிடும் செல்லப் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வந்தது:

"ஜீனி. நீதானா?"

"நான்தான். சாப்பிட்டியா?"

"மூக்கு வழியா. இன்னிக்கு ஸ்பெஷல் காப்பிக் கலர். நேத்து மணல் கலர்."

முப்பத்தொரு வருஷம் இவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். மாவட்டத்துக்கு ரோடு போடும் இயந்திரத்தை ஓட்டுபவர். சாப்பாட்டு மேசையில் "உப்பு" என்பார், "மழை வரும்" என்பார், எழுந்து போய்விடுவார். போய் அந்தப் பெட்டி முன்னால் உட்காருவார். யாருக்காவது போன் செய்யலாமென்று ரிசீவரை எடுத்தால் காதில் கீச்சென்று கத்தும். அந்தப் பெட்டியை ஒருநாள் கிணற்றில் போடுவேன் என்று பலதடவை சொல்லியிருக்கிறேன். அதற்குள்ளே இவர் இவ்வளவு பேசுவாரென்று எனக்குத் தெரியாது.

"நீ டைப் அடிக்கறது கோழி கொத்தற மாதிரி இருக்கு."

"வாயை மூடு ஆர்லிஸ்."

"மூடியாச்சு. நிரந்தரமா."

செவ்வாய்க்கிழமையும் பேசினோம். பக்கத்து அறைக்காரன் டிவியில் ஒரே சேனலை வைத்திருப்பதைப் பற்றி எழுதினார். அவனுக்குக் காது இல்லை, தனக்குத் தொண்டை இல்லை, இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "கையெழுத்துப் போடு ஆர்லிஸ்," என்று தட்டினேன்.

பிறகு, "பூனை சாப்பிடுதா?" என்று வந்தது.

"போடு ஆர்லிஸ்."

"நாளைக்குப் பேசலாம்."

புதன்கிழமை காலை பாஸ்டர் கோல் போன் செய்து விசாரித்தார். நான் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட மறுக்கிறார், நாளை மத்தியானம்தான் கெடு என்றேன். "என் மனைவி மூணு மணிக்கு வீடு திரும்பினதும் ஜெபத்துக்குச் சொல்லிடச் சொல்றேன், சிஸ்டர்," என்று வைத்துவிட்டார். எனக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன்.

மூன்று மணிக்கு எழுந்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். வெர்னீஸ், விசில், ATD, என்டர். கை தானாகச் செய்தது.

ஆர்லிஸ் இந்தமுறை வேடிக்கை பேசவில்லை.

"காரணம் சொல்றேன். நான் முடிக்கிறவரைக்கும் நீ எதுவும் அடிக்காதே. நடுவுல அடிச்சா திரும்ப ஆரம்பிக்க எனக்குத் தைரியம் இருக்காது."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாள் ராத்திரி. உன்கிட்ட சொல்லலை. நர்ஸைக் கூப்பிடற மணி கட்டிலுக்கு அடியில விழுந்துடுச்சு. நான் அப்ப"

அதற்குப் பிறகு எழுத்து இல்லை. கோடும் வளைவுமாகப் பத்துப் பதினைந்து குறிகள் ஓடின. அதன் கீழே NO CARRIER என்று மோடம் எழுதியது. இணைப்பு அறுந்துபோனால் அது எழுதுவது.

அதே நிமிஷம் டெலிபோன் மணி அடித்தது. எடுத்தேன்.

"சிஸ்டர் இமோஜீன், ஒடெஸா டேட் பேசறேன். ஜெபச் சங்கிலிக்காகக் கூப்பிடறேன். அவசரம். குறிச்சிக்கறியா?"

எங்கள் சர்ச்சில் பத்தொன்பது வீடுகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. யாருக்காவது கஷ்டமென்றால் பாஸ்டரின் மனைவி முதல் வீட்டைக் கூப்பிடுவாள், முதல் வீடு இரண்டாம் வீட்டை. அரை மணியில் பத்தொன்பது வீட்டிலும் ஜெபம் நடக்கும். ஒருவரையும் தாண்டக்கூடாது, தன் சொந்தக் கருத்தைச் சேர்க்கக்கூடாது என்பதுதான் விதி. ஒடெஸா ஆறாம் வீடு. நான் ஏழு.

"சொல்லு," என்றேன்.

"சகோதரர் ஆர்லிஸ் ப்ரூயிட். அட்லாண்டாவுல ஆஸ்பத்திரில. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும்படி அவர் மனசு இளகணும்." படித்துக்கொண்டு போனவள் நின்றாள். "ஐயோ. இது உன் ஆர்லிஸ்."

"ஆமா."

"நான் வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டேன், சிஸ்டர். உன் பேரு அடுத்ததா இருந்துச்சு. விதி…"

"தெரியும் ஒடெஸா. சரியாத்தான் செஞ்சே."

அப்போதுதான் சுவரில் இருந்த அட்டை கண்ணில் பட்டது. *70. ஒரு அழைப்பின் நடுவில் இன்னொருவர் கூப்பிட்டால் லைனில் ஒரு டிக் சத்தம் வரும். மனிதக் காதுக்கு அது ஒன்றுமில்லை. மோடம் அதைக் கேட்டால் மறுமுனையில் ஆளில்லை என்று எண்ணி வைத்துவிடும். அந்த டிக் வராமல் தடுப்பதுதான் *70. நான் அதை அழுத்தவில்லை.

ஒடெஸா போனை வைத்ததும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் விசித்திரமாக இருக்கிறது. எட்டாம் வீட்டின் எண்ணை அழுத்தினேன். ஓப்பல் ப்ரானன் எடுத்தாள்.

"ஜெபச் சங்கிலி," என்றேன். "சகோதரர் ஆர்லிஸ் ப்ரூயிட். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும்படி அவர் மனசு இளகணும்."

"இமோஜீன்? உன் புருஷனுக்கு நீயே ஏன்டி கூப்பிடறே? உக்காந்திருக்கியா, நின்னுட்டிருக்கியா?"

"நின்னுட்டு."

"உக்காரு முதல்ல. அந்த ஒடெஸாவுக்கு மூளைக்குப் பதிலா பட்டியல்தான் இருக்கு. வை போனை. மீதி பதினொரு வீட்டையும் நான் பார்த்துக்கறேன். உன் லைனை ஒருத்தரும் தொட மாட்டாங்க."

உட்கார்ந்தேன். மணி மூன்று முப்பத்தைந்து. அப்போதுதான் விஷயம் மெதுவாக உறைத்தது. நடுவில் குறுக்கிடாதே என்று ஒரு மனிதர் கேட்டுக்கொண்டார். தன் பயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வரி முடிவதற்குள் அவருடைய திரையில் NO CARRIER. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் எழுந்து போய்விட்டேன் என்றுதான் அவர் நினைப்பார்.

*70 அழுத்தி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். வெர்னீஸ் 412-க்குக் கொடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விசில் வரவில்லை.

"எடுக்க மாட்டேங்கறார், கண்ணு. அணைச்சிட்டார் போலிருக்கு."

நடந்ததைச் சொன்னேன். என் குரல் மளிகைச் சாமான் கணக்குச் சொல்வதுபோல் ஒரே சீராக இருந்தது. அது வெர்னீஸுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"நீங்க அழுதாலாவது எனக்குப் பயமில்லை," என்றாள். "இப்ப நாலு மணிக்கு லர்லீன் வந்துடுவா. அவகிட்ட போர்டைக் கொடுத்துட்டு நான் மேல போறேன். நாலு பத்துக்குக் கூப்பிடுங்க. லர்லீன் விசிலுக்குப் பயந்து வெட்டாம இருக்க நான் சொல்லி வெக்கறேன்."

"உங்களுக்கு பஸ் இல்லையா?"

"அடுத்த பஸ் எங்க ஓடிப் போயிடும்?"

நாலு பத்து. *70. எண். லர்லீன் மூச்சை அடக்கிக்கொண்டு கொடுத்ததுபோல் இருந்தது. விசில் வந்தது. என்டர்.

"ஜெபச் சங்கிலியா?" என்று திரையில் வந்தது. "ஒடெஸா டேட் என்னை வெட்டினாளா?"

"ஆமா."

"இந்த அம்மா வந்து சொன்னாங்க. சிரிச்சு தையல் வலிக்குது."

"ஆர்லிஸ், நான் போகலை. மீதியைச் சொல்லு."

எழுத ஆரம்பித்தார். நான் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

மணி விழுந்த அந்த ராத்திரி, கழுத்தில் போட்டிருந்த மூச்சுக்குழாயில் சளி அடைத்துக்கொண்டது. வலது தோளின் நரம்பு ஆபரேஷனில் போய்விட்டதால் குனிந்து எடுக்கக் கை எழும்பவில்லை. கத்த வாய் திறந்தார், காற்றுக்கூட வரவில்லை. இடது கையால் சுவரைத் தட்டினார். காது மந்தமான பக்கத்து அறைக்காரன் அது என்னவென்று புரியாமல் டிவியில் சத்தத்தைக் கூட்டினான். விடிந்து நர்ஸ் வரும்வரை நாலு மணி நேரம் பாதி மூச்சில் கிடந்தார்.

"சாகறதுக்குப் பயமில்லை ஜீனி. கர்த்தர் இருக்கார். கூப்பிட முடியாம கிடக்கறதுக்குத்தான் பயம். இன்னொரு ஆபரேஷன்னா இன்னும் மூணு வாரம் இதே கட்டில். என்னால முடியாது. இதை எழுதிக் காட்டினா, மணியை இனி கெட்டியா கட்டறோம்னு சொல்றாங்க. கட்டினது அவிழும்."

டாக்டர் சொல்வதைக் கேளென்று தட்டலாம். கர்த்தரை நம்பு என்று தட்டலாம். இரண்டும் உண்மைதான், இரண்டும் அந்தக் கட்டிலுக்கு எட்டாது. "நான் இங்க இருக்கேன்," என்று மட்டும் தட்டினேன்.

பிறகு எழுத்து வரும் வேகம் மாறியது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பெரிய இடைவெளி.

"வெர்னீஸ் அடிக்கிறேன். படிச்சிட்டேன், மன்னிக்கணும். இந்தக் கட்டடம் பழசு. நோயாளி ரிசீவரை எடுத்தாலே என் போர்டுல அந்த ரூம் விளக்கு எரியும். பேச வேண்டாம். 412 எரிஞ்சு ஆள் பேசலைன்னா நர்ஸை ஓடச் சொல்லு, அப்படின்னு ஒரு சீட்டு எழுதி போர்டுல ஒட்டிடறேன். மூணு ஷிப்டுக்கும்."

மறுபடி வேகம் மாறியது. ஆர்லிஸ்.

"கை எட்டாட்டி?"

வெர்னீஸ்: "முழங்கையால தள்ளு. விழட்டும். உடைஞ்சா என் சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க."

ஆர்லிஸ்: "தள்ளக்கூட வேண்டாம். ATH1 தட்டினா மோடமே லைனை எடுக்கும். அஞ்சு பட்டன். இடது கைக்கு எட்டும். ஜீனி, நீ வை. லைன் காலியானாத்தான் பரீட்சை பண்ண முடியும்."

வைத்தேன். சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பூனை வந்தது, போனது. ஐந்து மணிக்கு வெர்னீஸ் கீழேயிருந்து போன் செய்தாள். "எரிஞ்சது. லர்லீன் பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசாம நர்ஸுக்கு அடிச்சா. அந்தப் பொண்ணு ஒரு ஷூவோட ஓடினா. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

"கையெழுத்து?"

"கேக்கலை, கண்ணு. இன்னிக்குக் கேக்கற நாள் இல்லை."

வியாழக்கிழமை காலை பத்து மணிவரை நான் யாரையும் கூப்பிடவில்லை. என் டெலிபோனும் அடிக்கவில்லை. ஓப்பல் சொன்னபடி மற்ற பதினெட்டு வீடும் அதைத் தொடாமல் விட்டிருந்தன. பத்தே காலுக்கு அடித்தது.

"பதினொரு தடவை," என்றாள் வெர்னீஸ். காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நேத்து சாயந்தரம் ஆறுலேர்ந்து இன்னிக்குக் காலை வரைக்கும் உங்க வீட்டுக்காரர் பதினொரு தடவை விளக்கை எரிய வெச்சிருக்கார். ஒரு தடவைகூட ஒண்ணும் வேண்டியிருக்கலை. சும்மா. நாலாம் தடவை நர்ஸ் இடுப்புல கையை வெச்சிக்கிட்டு, என்ன மிஸ்டர் ப்ரூயிட், விளையாட்டான்னு கேட்டாளாம். ஆமான்னு தலையாட்டினாராம்."

"திட்டலையா யாரும்?"

"ராத்திரி ஆப்பரேட்டர் எனக்கு வீட்டுக்கே போன் பண்ணித் திட்டினா. எரியற விளக்குக்குக் காரணம் கேக்காதடி, ஆளை அனுப்புன்னு சொன்னேன். அனுப்பினா. பதினொரு தடவையும் அனுப்பினா, அதைச் சொல்லணும். பதினொண்ணாவதுக்கு நர்ஸ் போனப்ப, இடது கையைக் காத்துல கிறுக்கிக் காட்டினாராம். பேனா. போட்டுட்டார், மிஸஸ் ப்ரூயிட். டாக்டர் கையில பேப்பர் இருக்கு. கேக்குதா?"

"கேக்குது."

"எனக்கு நாளைக்கு லீவுதான். இருந்தாலும் காலையில அந்த மாடியில போய் உக்காந்துக்கறேன். உங்க கொப்புளம் காயறவரைக்கும் யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல."

"உங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை வெர்னீஸ்."

"சொல்லாதீங்க. ரெண்டு விளக்கு எரியுது, நான் போகணும்."

வைத்துவிட்டாள். ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறையின் நடுவில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். வாய்விட்டு, முழு வாக்கியமாக, வெர்னீஸ் பெயரையும் லர்லீன் பெயரையும் ஒரு ஷூவோடு ஓடிய பெண்ணையும் சேர்த்துச் சொன்னேன். உள்ளே இன்னும் ஒன்றும் அசையவில்லை. மனம் அசைந்த பிறகுதான் நன்றி சொல்ல வேண்டுமென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் சொல்லி முடித்தேன். பிறகு அடுப்பின் மேல் யாரோ கொண்டுவந்து வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து, நின்றபடியே, குளிர்ந்துபோன கேசரோலைக் கொஞ்சம் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.